தபசு அன்னைக்குப் போட்ட மேட்னி

டீக்கடைக்காரர் போனை நீட்டினார்.

"அண்ணாச்சி, இது நீங்களா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. இடுப்பில் புலித்தோல் கட்டின ஒருத்தன். தோளில் மலைப்பாம்பு. கையில் கத்தி. சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது.

"ஆமா" என்றேன்.

"யாத்தே, என்னா ஒடம்பு! கத்தி இருக்கே, ஏன் வெட்டல?"

"அது பெரிய கதை."

"சொல்லுங்க, கேப்போம்."

"டீ ஆறிரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் படத்தின் பிரதி எங்கேயும் முழுசாக இல்லை என்கிறார்கள். எடுத்த கம்பெனி இல்லை. சங்கரன்கோவிலில் அது ஓடின கொட்டகையும் இல்லை, அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் யார் மிச்சம் என்று தெரியவில்லை. நான் இருக்கிறேன். எழுதிவிடலாம்.

எங்கள் ஊர் திருவேங்கடம் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியது. எனக்கு உடம்பு சின்ன வயசிலேயே வந்துவிட்டது. கம்மஞ்சோறும் உளுந்தங்களியும்தான் சாப்பாடு. பருத்தி மில்லில் பொதி தூக்கினேன். மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குவதை நான் ஒருத்தனாகத் தூக்குவேன். பொதி லாரியோடு மதராசுக்குப் போனேன். இறக்கிவிட்டு ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சினிமா ஸ்டுடியோ. அங்கே சண்டை சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருத்தர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடக்கு" என்றார்.

மடக்கினேன்.

"உள்ள வா" என்றார்.

அவ்வளவுதான். அப்படித்தான் நடிகன் ஆனேன்.

முதல் படத்தில் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றேன். அடுத்த படத்தில் கதாநாயகர் என்னைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். அவரால் என்னை அசைக்க முடியாது. நானே குதித்து நானே விழுந்தேன். ஜனங்கள் கை தட்டினார்கள், அவருக்கு. பூதமாக வந்தேன். சிறைக் கதவை உடைத்தேன். கதவு அட்டை. உடைக்கிறது சுலபம், உடையாமல் திறக்கிறதுதான் கஷ்டம்.

பிறகு காட்டுப் படங்கள் வந்தன. வெள்ளைக்காரன் எடுத்த படம் ஒன்று இங்கே ஓடிப் பெருசாகப் போகவும், நம் ஆட்களும் ஆளுக்கொரு காடு போட்டார்கள். மரத்துக்கு மரம் தாவுகிற வீரன், ஒரு யானை, ஒரு குரங்கு, வழி தப்பி வந்த ஒரு இளவரசி. அதில் வீரனாகப் போட ஆள் தேடினார் ஒரு டைரக்டர்.

"மிருகங்களோட வளந்தவன். பேச்சே வராது. உனக்குப் பேச வருமா?"

"வராது" என்றேன்.

"நீதான்யா" என்றார்.

காட்டுப் படம் பல எடுத்தார்கள். ஓடின வரை நானும் ஓடினேன். அப்புறம் எனக்கு வயிறு வந்தது, சினிமாவில் காடு போய் பங்களா வந்தது. நான் ஊருக்கு வந்து பருத்தி போட்டேன். அதில் ஒரு வருத்தமும் இல்லை. சொல்ல வந்தது அந்த முதல் காட்டுப் படத்தைத்தான்.

அதற்கு முன்னால் இரண்டு விசயம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் பாம்பை அடிக்க மாட்டோம். கோமதி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவோம். வீட்டுக்குள் வந்தால் கதவைத் திறந்துவிட்டு, கை கூப்பி, போயிரு என்று சொல்வோம். மறுநாள் கோயிலுக்குப் போய் வெள்ளித் தகட்டில் பாம்பு உரு வாங்கி உண்டியலில் போடுவோம். புற்றுமண் எடுத்து வந்து நெற்றியில் பூசுவோம். அவ்வளவுதான்.

இன்னொன்று ஆடித்தபசு. அம்மன் தபசு இருந்து, சாயங்காலம் சாமி காட்சி கொடுக்கும் நேரம், சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்ததை மேலே எறிவார்கள். சூறை விடுகிறது என்று பேர். பருத்திக்காரன் பருத்தி எறிவான். மிளகாய்க்காரன் வத்தல் எறிவான். எங்க ஐயா முதல் எடுப்புப் பருத்தியில் ஒரு பொட்டலம் கட்டி விட்டத்தில் தொங்கவிடுவார். ஆடி வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. ஒரு வருசமும் தவறியது இல்லை. செடி காய்ந்துபோன வருசம்கூட ஒரு பிடி தேறியதைக் கொண்டுபோய் எறிந்தார்.

ஐயா சொல்வார், "பாம்ப அடிச்ச வீட்டுப் பருத்தி அம்மனுக்கு ஆகாது." அது சாத்திரமா, அவராகச் சொல்வதா, எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அது சாத்திரம்.

இனிப் படத்துக்கு வருகிறேன்.

இளவரசியை மலைப்பாம்பு சுற்ற வரும். நான் குறுக்கே விழுவேன். பாம்பு என்னைச் சுற்றும். நான் கத்தியை உருவிக் குத்திக் கொல்வேன். கதை அப்படி. அந்த இடம் வரும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கதையை எனக்கு எதற்குச் சொல்வார்கள்.

பாம்பு நிசம். அதை வளர்க்கிற பெரியவர் ஒருத்தர் கூடைக்குள் வைத்துக் கொண்டு வந்தார். விளக்குச் சூட்டில் அது முழித்துக்கொண்டது. தோளில் போட்டார்கள். பொதி தூக்கினவனுக்குப் பாரம் பெரிசில்லை. ஆனால் பொதி இறுக்காது. இது இறுக்கியது.

"கத்திய உருவு!" என்றார் டைரக்டர். உருவினேன்.

"குத்து!"

நின்றேன்.

"குத்துய்யா! நிசப் பாம்புல படாம ஓங்குனாப் போதும். அப்புறம் ரப்பர் பாம்பு தரேன், அதுல குத்து."

"மாட்டேன்" என்றேன்.

"பயமா?"

"இல்ல."

ரப்பர் பாம்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்கள். பெயிண்டு வாசம் அடித்தது.

"இதைக் குத்து."

"மாட்டேன்."

"ரப்பர்யா இது!"

"ரப்பர்னு எங்கய்யாவுக்குத் தெரியாது."

"உங்கய்யா யாரு, சென்சார் போர்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாம்பு இன்னும் கழுத்தில்தான் இருந்தது.

"அதவிடப் பெரிசுங்க" என்றேன்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். "வேற ஆளைப் போட்டு எடுப்பேன், தெரியுமா?"

"சரிங்க" என்று புலித்தோல் முடிச்சில் கை வைத்தேன்.

"இங்கயே அவுக்காதய்யா!" என்று கத்தினார். இளவரசி வேசம் போட்ட அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

வேறு ஆளைப் போட முடியாது என்று அவருக்கும் தெரியும். பாதிப் படத்தில் நான் மரம் மரமாகத் தாவிவிட்டேன். அவர் ஒரு சிகரெட் முழுசும் குடித்தார். பாம்புக்காரப் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நல்ல பிள்ளை" என்றார். என்னைச் சொன்னாரா, பாம்பைச் சொன்னாரா, தெரியாது.

டைரக்டர் வந்தார். "சரி. கொல்ல வேணாம். வேற என்ன செய்வ?"

"எங்க ஊர்ல செய்யுறத."

"என்ன செய்வீங்க?"

"போகச் சொல்லுவோம்."

என்னையே பார்த்தார். பிறகு கேமராக்காரரிடம், "ஓட்டுய்யா, என்னதான் செய்றான்னு பாப்போம்" என்றார்.

கத்தியை மரத்தில் குத்தி நிறுத்தினேன். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். செட்டு ஓரத்தில் களிமண்ணில் ஒரு புற்று செய்து வைத்திருந்தார்கள், காட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று. பாம்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு அந்தப் புற்றடியில் இறக்கினேன். அது பின்பக்கமாகப் போனது. எனக்கு நடிப்பு மறந்துவிட்டது. கை கூப்பிவிட்டேன். கட் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் போஸ்டர் அதற்கு முன்னாலேயே அச்சாகிவிட்டது. கதையைக் கேட்டு வரைந்தவர், கதையில் இருந்தபடி வரைந்துவிட்டார். பாம்பின் கழுத்தை இடது கையால் பிடித்திருக்கிறேன். வலது கையில் கத்தி. ரத்தம் வேறு, நல்ல சிவப்பில்.

அந்தப் போஸ்டர் சங்கரன்கோவிலில் எல்லாச் சுவரிலும் ஒட்டியாகிவிட்டது. எனக்குத் தெரியாது.

ஆடித்தபசு அன்றைக்குப் படத்தைப் போடுவது என்று கொட்டகை முதலாளி முடிவு செய்திருந்தார். சுற்று ஊர்க் கூட்டம் எல்லாம் அன்றைக்கு டவுனில் இருக்கும். சாயங்காலம்தான் சாமி காட்சி. மத்தியானம் ஜனங்கள் எங்கே போவார்கள்? கொட்டகைக்கு. அது அவர் கணக்கு. நம்ம ஊர்ப் பிள்ளை, நேரில் வந்தால் மாலை போட்டுக் கூட்டிப்போகலாம் என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

காலையில் ரயிலை விட்டு இறங்கினேன். மாலை இல்லை. முதலாளி மட்டும் நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, எதுக்கு தம்பி பாம்பக் கொன்னீய?"

"கொல்லல."

"சுவரு பூரா கொன்னுக்கிட்டு நிக்கியளே!"

வழியில் பார்த்தேன். நின்றேன்தான். ஒரு போஸ்டரில் என் முகத்தில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். குறி தப்பவில்லை.

"அம்மன் தபசுக்கு வந்த ஊரு இது. தெருவுல ஒருத்தன் சொல்லுதான், பாம்பத் தொட்டா திரையக் கிழிச்சிருவேன்னு. நான் என்ன செய்ய?"

"படத்தைப் போடுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது. நடந்ததைச் சொன்னால் நம்புவாரா. பெரிசாக அச்சடித்திருக்கிறதே.

ஐயாவும் அம்மாவும் வண்டி கட்டி வந்திருப்பார்கள் என்று தெரியும். வண்டிகள் அவிழ்த்துப் போடுகிற புளியந்தோப்புக்குப் போனேன். ஐயா நுகத்தடியில் உட்கார்ந்து மாட்டுக்குச் சோள நாத்து உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"மெலிஞ்சிட்டியே மக்கா."

நான் மெலியவில்லை. சட்டை பட்டன் போட முடியவில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஐயா தலை நிமிரவில்லை. பருத்திப் பொட்டலம் வண்டிக்குள் இருந்தது. வேட்டித் துணியில் கட்டினது. வெளியே எடுத்து வைக்காமல் வைக்கோலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்.

"ஐயா, நான் வெட்டல" என்றேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. மாட்டிடம் பேசினார்.

"ஏலே செவல, கேட்டியாலே? இவரு வெட்டலையாம். சுவத்துல இருக்கது இவரு தம்பி போலருக்கு."

"அது படம் வரைஞ்சவன் செஞ்ச வேல."

"செவல, சுவத்துல ஒண்ணு, திரையில ஒண்ணு காட்டுவானாலே? மாட்டுச் சந்தையில வெளிய செவலைய நிறுத்தி உள்ள காரிய விப்பானா?"

மாடு நாத்தைத் தின்றது.

அம்மா சொன்னாள், "நேரா கேளுங்களேன் அவன்கிட்ட. மாட்டுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியும்" என்றார் ஐயா. "கொண்டுவந்தது கொண்டுவந்தபடி திரும்பும். இந்த வருசம் நம்ம வீட்டுச் சூறை கிடையாது. பாம்ப வெட்டுன வீட்டுப் பருத்திய அம்மன் மேல எறிய எனக்குக் கை வராது."

மாட்டிடம் சொன்னதுதான். எனக்குத்தான் சொன்னார்.

அவர் எறியாமல் திரும்பினால் அது அந்த வருசத்தோடு போகாது. எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டலம் விட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"மேட்னி ரெண்டரைக்கு" என்றேன். "வந்து பாருங்க."

"கொட்டகைக்கு நான் போனதில்லலே செவல."

"நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள் அம்மா. நான் வந்துவிட்டேன்.

கொட்டகை நிறைந்தது. கோபத்திலும் ஜனம் டிக்கெட் எடுக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். தரை டிக்கெட்டில் மணல் தெரியவில்லை. எல்லார் மடியிலும் மூட்டை, பை, பொட்டலம். சாயங்காலச் சூறைக்குக் கொண்டுவந்தது. வண்டியில் விட்டுவிட்டு வர மனசில்லாமல் கையோடு தூக்கி வந்திருந்தார்கள். நான் பக்கவாட்டுக் கதவோரம் இருட்டில் நின்றேன். தலையில் துண்டு.

முன்னால் குருவிகுளத்துக்காரர் ஒருத்தர், பெரிய மீசை, மடியில் ஒரு சாக்கு மிளகாய் வத்தல். சுற்றி இருந்தவர்களிடம் அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாம்பு மேல கத்தி பட்டுச்சுன்னு வையி, திரை மேல இந்தக் கை படும். பாத்துக்கிடுங்க."

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஐயா வந்தார். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண் தெரியாமல் இரண்டு பேரை மிதித்தார். உட்கார்ந்தார். மடியில் வேட்டித் துணிப் பொட்டலம். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வைக்கோலுக்கு அடியில் இருந்ததை எதற்கு எடுத்துவந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

நான் மரத்துக்கு மரம் தாவினேன். ஜனம் வாய் திறக்கவில்லை. யானை வந்தது. குரங்கு வந்தது. குரங்குக்குச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

பாம்பு வந்தது.

பாம்பு என்னைச் சுற்றியது. திரையில் பார்க்கும்போது அது இன்னும் பெரிசாக இருந்தது. என் கை இடுப்புக்குப் போனது. கத்தி வெளியே வந்தது.

"எடுக்காம்லே! எடுத்துட்டாம்லே!"

"ஏலே, வேண்டாம்லே!"

"போட்டுருலே அத! அம்மன் இருக்காலே!"

"ஏட்டி, யாராவது அவனப் பிடிங்களேன்!" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லாம் திரையில் இருக்கிறவனைப் பார்த்துத்தான். நான் கதவோரம் நின்றுகொண்டு, வெட்ட மாட்டேன், வெட்ட மாட்டேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

திரையில் நான் கத்தியை மரத்தில் குத்தினேன்.

மீசைக்காரர் அப்படியே நின்றார்.

ஒவ்வொரு சுற்றாகப் பிரிந்தது. பாம்பு என் தலைக்கு மேலே போனது. புற்றடியில் இறங்கியது. நகர்ந்து போனது. நான் கை கூப்பினேன்.

பிறகு பெண்கள் பக்கம் ஒரு குலவை. அது யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலில்தான் நான் வளர்ந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள்.

முதல் பருத்தி எங்கிருந்து பறந்தது என்று தெரியவில்லை. ஒரு பிடி. திரை மேல் பட்டு ஒட்டியது. அடுத்து நாலு பிடி. அப்புறம் கொட்டகையே எறிந்தது. மிசின் வெளிச்சத்துக்குக் குறுக்கே பருத்தி பறக்கவும், திரையில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைத்தது. மீசைக்காரர் சாக்கை அவிழ்த்தார். இரண்டு கையாலும் அள்ளி வத்தலை எறிந்தார்.

"ஏ, மெளகா வேண்டாம்யா! மெளகா வேண்டாம்!" என்று முதலாளி பின்னாலிருந்து ஓடி வந்தார். யார் கேட்டார்கள். கம்பு, சோளம், உளுந்து, எல்லாம் மழையாக விழுந்தது. முன்வரிசை முழுக்கத் தும்மியது. தும்மிக்கொண்டே எறிந்தார்கள். ஒருத்தன் பூசணிக்காயோடு எழுந்தான். நாலு பேர் சேர்ந்து அவனை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

மிசின் ஓட்டுகிறவர் கலவரம் என்று நினைத்துப் படத்தை நிறுத்திவிட்டார்.

"போடு வே! திருப்பிப் போடு!"

"பாம்பு விட்டதத் திருப்பிப் போடு!"

திருப்பிப் போட்டார். திருப்பி எறிந்தார்கள். மிச்சம் இருந்ததும் போனது. இளவரசி கடைசியில் என்ன ஆனாள் என்று அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. எனக்கே பாதி மறந்துவிட்டது.

ஐயாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எறியவில்லை. குலவை போடும்போதும் எறியவில்லை, திருப்பிப் போடும்போதும் எறியவில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் போட்டதும் எழுந்து போய்விட்டார். என்னைத் தாண்டித்தான் போனார்.

வெளியே என்னைக் கண்டுகொண்டார்கள். துண்டை இழுத்தார்கள். தோளில் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு பெண் என் கையில் புற்றுமண் பூசினாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண் மட்டும் ஐயாவைத் தேடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தபசுப் பந்தலில் கால் வைக்க இடமில்லை. அம்மன் வந்து நின்றாள். சாமி வருகிற மேளம் கேட்டது. அப்போதுதான் எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரர் சாக்குக்குள் கையை விட்டார். உதறினார். கவிழ்த்தார்.

"யாத்தே" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் தன் பையைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

"எல்லாத்தையும் அங்கன எறிஞ்சிட்டமே வே!"

"சினிமாக் கொட்டகையில எறிஞ்சிட்டு, அம்மன் நேர்ல வந்து நிக்கா, கை காலியா நிக்கமே!"

"அந்தப் பூசணிக்காக்காரன் எங்க?"

"அவனத்தான் அமுக்குனமே, வெளிய வந்ததும் பாதிய வித்துட்டுப் போயிட்டான்!"

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அவர்களுக்கு. மீசைக்காரர் நிசமாகவே கண் கலங்கி நின்றார். வருசம் முழுக்க வைத்திருந்து, காலையிலேயே கிளம்பி, சுமந்து வந்தது. மேளம் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயா வந்தார். பொட்டலத்தை அவிழ்த்தார். வெள்ளையாக, கொட்டை நீக்காத பருத்தி. அந்த இடத்திலேயே விளைச்சலோடு இருந்த பொட்டலம் அது ஒன்றுதான். கோபத்தில் இறுக்கிப் பிடித்திருந்ததால் மிச்சம் இருந்தது.

ஒரு பிடி எடுத்து மீசைக்காரர் கையில் வைத்தார்.

"பிடிங்க."

"உங்க வீட்டுச் சூறை இல்லையா அண்ணாச்சி?"

"எங்க வீட்டுதுதான். பிடிங்க."

அடுத்தவருக்கு ஒரு பிடி. அதற்கு அடுத்தவருக்கு. கை நீட்டினவருக்கெல்லாம். முதலாளியும் தும்மிக்கொண்டே கை நீட்டினார், அவருக்கும். அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் குறைந்துகொண்டே வந்தது. ஐயா என்னைப் பார்க்கவில்லை. துணியின் மூலையில் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்தார். திரும்பினார்.

"எறிலே" என்றார்.

காலையிலிருந்து என்னிடம் பேசின முதல் வார்த்தை. நான் வாங்கினேன்.

சாமி காட்சி கொடுத்தார். எல்லாரும் எறிந்தார்கள். நானும் எறிந்தேன். பொதி தூக்கின கை, பாம்பைத் தலைக்கு மேலே தூக்கின கை. முழு பலத்தையும் சேர்த்து ஓங்கி எறிந்தேன்.

ஆடிக் காற்று. பருத்தி மேலே போனது, நின்றது, திரும்பியது. வந்து ஐயாவின் தலைப்பாகையில் உட்கார்ந்தது.

"அடப்பாவி, மலைப்பாம்ப தூக்குனவரு, ஒரு பிடி பருத்தி போக மாட்டேங்கு!" என்றார் மீசைக்காரர்.

ஐயா சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்க. தலையில் கை வைத்துப் பருத்தியை எடுத்தார், என் கையில் திரும்ப வைத்தார், பேச முடியாமல் கையால் காட்டினார், எறி, எறி என்று. திரும்ப எறிந்தேன். அது எங்கே போனது என்று பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளியந்தோப்புக்கு மூன்று பேரும் நடந்தோம். அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அதெல்லாம் சரி மக்கா. அந்தக் கம்பெனிக்காரனுக்கு உனக்கொரு நல்ல வேட்டி வாங்கித் தரக்கூடவா வக்கில்ல?"

"காட்டுல வேட்டி கிடைக்காதும்மா."

"நம்ம ஊரும் காடுதான். நாங்க கட்டல?"

ஐயா எங்களுக்கு முன்னால் போய்விட்டார். நாங்கள் போகும்போது மாட்டை அவிழ்த்து நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தார். காலி வேட்டித் துணி தோளில் கிடந்தது. மாட்டின் காதருகில் குனிந்து சொன்னார். ரகசியம் மாதிரி. ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி.

"ஏலே செவல, வெட்டலலே. விட்டுட்டான்."

செவலை காதை ஆட்டியது.